குறையில்லாத நாடகமும் பெரியப்பாவின் இடுப்பெலும்பும்

“டிவில பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.”

காலையில் முகம் கழுவிவிட்டு வந்து ரிமோட்டைக் கையில் எடுத்ததும் பெரியப்பா இதைச் சொல்வார். மதியம் சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், இதையே சொல்வார். சாயங்காலம் பெரியம்மா டீ கொண்டுவந்து வைக்கும்போது, துக்கம் விசாரிக்க வந்தவர் மாதிரி குரலை இறக்கி மறுபடியும் சொல்வார். ஒன்றுமே இல்லாத பெட்டியை எதற்கு நாள் முழுக்கப் பார்க்கிறீர்கள் என்று கேட்டால், “இல்லன்னு யாராவது ஒருத்தர் பாத்துச் சொல்ல வேணாமா?” என்பார்.

பெரியப்பா கண்ணாடி பாட்டில் செய்யும் ஃபேக்டரியில் குறை பார்ப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய வேலையே உட்கார்ந்து பார்ப்பதுதான். எதிரே வெள்ளை வெளிச்சம் அடிக்கும் ஒரு பலகை. அதற்கு முன்னால் பாட்டில்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலியில் ஊர்ந்து போகும். கழுத்தில் விரிசல், வயிற்றில் காற்றுக் குமிழி, கோணல் வாய், அடியில் உருகாமல் தங்கிப்போன கல் என்று எது கண்ணில் பட்டாலும் கையை நீட்டி எடுத்துப் பக்கத்திலிருக்கும் உடைசல் தொட்டியில் வீச வேண்டும். வீசியதும் உடையும். அந்தச் சத்தத்தைக் கேட்டுத்தான் அவர் பொழுது போயிற்று.

ஓய்வு பெற்ற மறுநாள் ஹாலில் ஒரு கை வைத்த நாற்காலியை இழுத்துப் போட்டார். எதிரே டிவி. நாற்காலிக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே இருக்கும் தூரம்கூட ஃபேக்டரியில் இருந்ததேதான் என்று பெரியம்மா அடித்துச் சொல்வாள். தொட்டிதான் இல்லை. அந்தக் குறையை வாயால் தீர்த்துக்கொண்டார்.

உறவில் எல்லோருக்கும் ஒரு மூடநம்பிக்கை. நாள் முழுக்க டிவி பார்க்கிறவருக்கு எது நல்ல நாடகம், எது நல்ல டாக்குமெண்டரி என்று தெரிந்திருக்கும் என்று நினைத்தார்கள். லீவு வந்தால் போன் வரும்.

“பெரியப்பா, வீட்ல எல்லாரும் உக்காந்து பாக்கற மாதிரி ஒரு நல்ல தொடர் சொல்லுங்க. அந்த ராஜா கதை பாக்கலாமா?”

“வேணாம். ராஜா குதிரையில ஏறறான். காலைத் தூக்கறப்ப பாரு, பூட்ஸ்ல ஜிப்பு.”

“டாக்டருங்க கதை ஒண்ணு வருதே?”

“மூணு ஊரு, மூணு ஆஸ்பத்திரி. மூணுலயும் செவத்துல அதே தீயணைக்கற சிலிண்டர், அதே எடத்துல கீறல். நோயாளிங்க ஊர் மாறறாங்க, சிலிண்டரும் கூடவே போகுது.”

“கரடி பத்தின டாக்குமெண்டரி?”

“ஒருத்தன் காதுகிட்ட வந்து கிசுகிசுன்னு பேசறான். கரடிக்குக் கேட்டுடும்னு பயமா அவனுக்கு? அந்தக் கரடிக்கு முதல்ல இடது காதுல வெட்டு, அப்புறம் வலது காதுல வெட்டு. படத்தைத் திருப்பிப் போட்டு ஒட்டியிருக்கான். மனுஷன் எவனும் கால் வெச்சதில்லைங்கறான், அப்ப கேமராவைக் கரடியா பிடிச்சுது?”

“அப்ப நாங்க எதைத்தான் பாக்கறது?”

“அதைத்தான் நானும் கேக்கறேன். பாக்கறதுக்கு ஒண்ணுமே இல்ல.”

போனை வைத்துவிட்டு, ஒரு குடும்பத்தைப் படுகுழியிலிருந்து தூக்கிவிட்ட திருப்தியோடு உட்கார்ந்திருப்பார். என் ஆபீஸ் பக்கம் என்பதால் அவர்கள் வீட்டுப் பின்னறையில்தான் நான் தங்கியிருக்கிறேன். இந்தப் பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு எனக்கு அவர் குரல் அப்படியே வந்துவிட்டது. அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இப்படி வந்த போன்களுக்கு அவர் குரலில் நானே பதில் சொன்னேன். ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. தெரிவதற்கு அதில் என்ன இருக்கிறது? எதைக் கேட்டாலும் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனதற்கும் டிவிதான் காரணம். ஒரு மத்தியானம் ஏதோ ஒரு குடும்பத் தொடரில் மருமகள் அழுதுகொண்டிருந்தாள். பின்னால் சுவரில் கடிகாரம். அழ ஆரம்பித்தபோது மணி பத்து, மூக்கைச் சிந்தும்போது இரண்டு, மாமியார் உள்ளே வந்ததும் மறுபடி பத்து. இதைப் பெரியம்மாவுக்குக் காட்டியே தீருவது என்று விரலை நீட்டிக்கொண்டு எழுந்தார். கண் கடிகாரத்தில் இருந்தது. கால் முக்காலியில் இருந்தது. விழுந்த சத்தத்தில் மருமகளே ஒரு நிமிஷம் அழுகையை நிறுத்திய மாதிரி இருந்தது. இடுப்பெலும்பு போய்விட்டது. ஆம்புலன்ஸில் படுத்துக்கொண்டு, கூட வந்தவரிடம், “உங்க சைரன் டிவில வர்ற மாதிரி இல்லையே. அவனுங்க போடறதுதான் தப்பு, இல்ல?” என்று சந்தேகம் கேட்டார். வலியில்கூட வேலை நடந்துகொண்டிருந்தது.

ஆபரேஷன் நன்றாகவே நடந்தது. எலும்பும் சேர்ந்துவிட்டது. ஆனால் வீடு திரும்பியவர் கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து பாத்ரூம் என்று முடித்துக்கொண்டார். அதற்கே கையில் பிடித்து நடக்கும் கம்பிச் சட்டம் வேண்டும், பெரியம்மா வேண்டும், நான் வேண்டும். நடக்கச் சொல்லிக் கொடுக்க வரும் பிசியோ பெண் கொஞ்சமும் தயவு தாட்சண்யம் பார்க்காதவள்.

“எலும்பு தயார்ம்மா. ஆளுதான் தயாரில்ல,” என்று பெரியம்மாவிடம் சொன்னாள்.

“இன்னும் வலிக்குதுங்கறாரே.”

“ரிமோட் கீழ விழுந்தப்ப எப்படிக் குனிஞ்சு எடுத்தாரு, பாத்தீங்களா? அப்ப வலிக்கல.”

இதெல்லாம் அக்காவின் காதுக்குப் போயிற்று. அக்கா என்றால் பெரியப்பாவின் ஒரே மகள். கார் பிடித்து வர வேண்டிய தூரத்தில் இருக்கிறாள். போனில் என்னைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போடச் சொன்னாள்.

“மாசக் கடைசியில நான் வர்றேன். அப்பா தன் கால்ல படி எறங்கி ஏறினா இங்கயே இருக்கட்டும். இல்லன்னா ரெண்டு பேரும் என்கூட வந்துடணும், வீட்டைப் பூட்டிடலாம். மாடியில லிஃப்ட் இல்லாம, நாளைக்கு ஒரு அவசரம்னா யாரு தூக்கறது?”

அவள் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. அதனால்தான் எல்லோருக்கும் அவ்வளவு பயம். பெரியம்மா ஜன்னலோரம் தையல் மெஷின் வைத்துக்கொண்டு கட்டடத்தில் இருக்கிறவர்களுக்கெல்லாம் துணி சுருக்கித் தருகிறவள். இவள் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு முட்டி போட்டால், எதிரே நிற்பவர்கள் வீட்டு ரகசியம் எல்லாம் தானாகக் கொட்டும். “அங்க என் மெஷின் வைக்க எடம் இருக்குமா?” என்று கேட்டாள். “இந்த வயசுல எதுக்கும்மா மெஷின்?” என்றாள் அக்கா. அன்றைக்குப் பெரியம்மா மெஷினுக்கு இரண்டு தடவை எண்ணெய் போட்டாள்.

பெரியப்பாவின் பயம் அத்தான். அக்கா வீட்டில் டிவி அத்தானுடையது, ரிமோட்டும் அவர் கையில்தான். அவர் பார்ப்பது போட்டி நிகழ்ச்சிகள் மட்டும். குழந்தை பாடும், நடுவர் அழுவார், குழந்தையின் அம்மா அழுவார், விளம்பரம் வரும், திரும்பி வந்ததும் அதே அழுகையை மெதுவாக ஓட்டிக் காட்டுவார்கள். அத்தான் எல்லாவற்றுக்கும் “சூப்பர்” என்பார். பாடினால் சூப்பர், அழுதால் சூப்பர், விளம்பரத்தில் வரும் தரை துடைக்கும் மருந்தும் சூப்பர்.

“நல்லவேளை, அந்த மனுஷன் எங்க ஃபேக்டரிக்கு வரல,” என்பார் பெரியப்பா. “வந்திருந்தா இன்னிக்கு ஊர்ல பாதிப் பேருக்கு உதடு இருந்திருக்காது.”

மாப்பிள்ளையைப் பற்றித் தினமும் ஏதாவது ஒன்று சொல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை, நல்லதும் சரி, கெட்டதும் சரி. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கி வந்தபோதும் வாங்கிப் பார்த்துவிட்டு மௌனமாகத் திருப்பிக் கொடுத்தாராம். அக்காவுக்கு அது இன்னும் ஆறவில்லை. “எங்கப்பா வாயிலேர்ந்து ஒரு நல்ல வார்த்தை வாங்கிக் குடு, உனக்குக் கோயிலே கட்டறேன்,” என்பாள் என்னிடம்.

நாள் நெருங்கிக்கொண்டே வந்தது. பிசியோ பெண் ஒரு யோசனை சொன்னாள்.

“ரிமோட்டை ஒளிச்சு வைங்க. இருக்கறதுலயே மட்டமான சீரியலாப் பாத்துப் போட்டு விடுங்க. எரிச்சல் தாங்காம எழுந்து போய் அவரே நிறுத்தட்டும். தினமும் அது பத்து நடை.”

எங்களுக்கு அது பிரமாதமான யோசனையாகத் தெரிந்தது. மட்டமான சீரியலைத் தேடுவதில் சிரமம் என்ன இருக்கிறது? கண்ணை மூடிக்கொண்டு பட்டனை அமுக்கினால் போதும். இருந்தாலும் நான் பொறுப்பாகத் தேடினேன். அகப்பட்டது ரத்தினம். கணவன் செத்துவிட்டான், ஆனால் சாகவில்லை. அவனைப் போலவே இருக்கும் இன்னொருவன் வந்து குடும்பத்தை ஏமாற்றுகிறான், அடையாளத்துக்கு அவனுக்கு ஒரு மீசை. அந்த மீசை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. வீட்டில் யாருக்கும் அது தெரியவில்லை. ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் மூன்று தடவை இடி இடிக்கிறது. வெளியே பளபளவென்று வெயில்.

பத்திரமாக ரிமோட்டை மெஷின் டப்பாவுக்குள் போட்டுவிட்டு நானும் பெரியம்மாவும் கதவோரம் நின்றோம்.

பெரியப்பா எழுந்திருக்கவில்லை. முன்னால் சாய்ந்தார். கண்ணில் வெளிச்சம் வந்தது.

“மீசை,” என்றார். “ஆகா. இப்ப வலது பக்கம் சரியுது.”

கொஞ்ச நேரம் கழித்து, “ஐசியுல படுத்திருக்கறவளுக்கு உதட்டுச் சாயம். பக்கத்துல இருக்கற மெஷின்ல கோடு ஓடல, பிளக்கே சொருகல பாரு,” என்றார்.

டீ ஆறியது. பாத்ரூம் போகவும் மறுத்துவிட்டார். “இருடி, இப்ப விட்டா எத்தனை போயிடுமோ,” என்றார். மறுநாள் அதைவிட மட்டமான பேய்த் தொடர் ஒன்றைப் போட்டோம். பேய்க்குக் கையில் வாட்ச் இருந்தது. அன்றைக்கு அவர் நாற்காலியிலேயே சாப்பிட்டு நாற்காலியிலேயே தூங்கினார். முன்பு நடந்ததில் பாதி நடையும் போயிற்று.

பிசியோ பெண் வந்தபோது அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டார். “யோசனை உன்னுதாமே. இந்த மாதிரி வேலை செஞ்சு எவ்வளவு நாளாச்சு தெரியுமா? தொட்டி ரொம்பி வழியுதும்மா.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பெரியம்மாவைப் பார்த்தேன். பெரியம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஓட்டை பாட்டில் வந்தா எழுந்து போற ஆளாடி இவரு? அப்பத்தானே இவருக்கு வேலையே. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியும் எனக்கு இது தோணல பாரு.”

அன்றைக்கு மத்தியானம் எனக்கு லீவு. மீசையையும் பேயையும் பார்த்துப் பார்த்து என் மூளை கூழாகியிருந்தது. என் நிம்மதிக்காக ஒரு டாக்குமெண்டரியைப் போட்டேன். கடலோரப் பாறையில் ஒரு குழி, அதில் அலை விட்டுப்போன கொஞ்சம் தண்ணீர். படம் முழுக்க அந்தக் குழியை விட்டு கேமரா வெளியே வரவில்லை. பின்னால் யாரும் பேசவில்லை, இப்போது நீங்கள் வருத்தப்படுங்கள் என்று சொல்ல இசையும் இல்லை. நண்டு ஒன்று தன் பழைய ஓட்டைக் கழற்றுகிறது. அதுவாகக் கழற்றி முடிக்கும்வரை காட்டுகிறார்கள். வெயிலில் தண்ணீர் சூடேறச் சூடேற அதில் இருக்கும் மற்ற உயிர்கள் என்ன பாடுபடுகின்றன என்று பொறுமையாகக் காட்டுகிறார்கள்.

பெரியப்பா ஆர்வமாகத்தான் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் நெளிந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். “வெளக்கை அணை,” என்றார். “வெளக்கைப் போடு,” என்றார். வியர்த்தது. பிறகு, யாரையும் கூப்பிடாமல், கம்பிச் சட்டத்தைப் பிடித்து எழுந்து, ஹாலைத் தாண்டிச் சமையலறை வாசலில் போய் நின்றார்.

“ஏய், இங்க வந்து பாரு. எனக்கு ஒண்ணும் தெரியல.”

பெரியம்மா கையிலிருந்த கரண்டியைப் போட்டாள். “ஐயையோ. கண்ணு தெரியலியா?”

“கண்ணு தெரியுது. குறைதான் ஒண்ணும் தெரியல. வா சீக்கிரம்.”

அவர் எங்கே நிற்கிறார் என்பது எங்களுக்கு அப்புறம்தான் உறைத்தது. வீட்டுக்கு வந்தபிறகு அவர் கால் சமையலறைப் பக்கம் போனதே இல்லை.

உட்கார வைத்துக் கேட்டபோது அலுத்துக்கொண்டே விளக்கினார். ஃபேக்டரியில் சூப்பர்வைசர் வேண்டுமென்றே ஓட்டை பாட்டில் ஒன்றைச் சங்கிலியில் நுழைத்து விடுவானாம், பார்க்கிறவன் முழித்திருக்கிறானா என்று சோதிக்க. அதனால் ரொம்ப நேரம் நல்ல பாட்டிலாகவே வந்தால் சந்தேகம் வந்துவிடும். பாட்டில் நல்லதா, இல்லை தன் கண் செத்துவிட்டதா? அப்போது எழுந்து போய் அடுத்த ஆளைக் கூட்டி வந்து பார்க்கச் சொல்ல வேண்டும். அதுதான் அங்கே முறை.

“அப்ப நல்ல படம் போட்டா நீங்க எழுந்து நடப்பீங்களா?” என்றேன்.

“நல்ல படம்னு எவன் சொன்னான்? எனக்கு அகப்படல, அவ்வளவுதான்.”

அன்றிலிருந்து எனக்குப் பிடித்தது சனி. மட்டமானதைத் தேட ஒரு நிமிஷம் போதும், நல்லதைத் தேடத் தாவு தீர்ந்தது. திறந்தவுடனே ‘உங்களுக்காகவே’ என்று ஒரு வரிசையைக் காட்டுகிறார்களே, அதில் இருப்பது எல்லாம் பக்கத்து வீட்டுக்காரனுக்காக எடுத்தவை. போஸ்டரில் முகம் பாதி இருட்டில் இருந்தால் கொலைக் கதை. பல் தெரிந்தால் காமெடி, ஆனால் சிரிப்பு வராது. மேலே இருந்து பறந்து பறந்து எடுத்த டாக்குமெண்டரி என்றால் கீழே சொல்ல விஷயம் இல்லை என்று அர்த்தம். இதையெல்லாம் தள்ளி, அடியில் யாரும் சீண்டாமல் கிடப்பவற்றைத் தோண்டினேன்.

பாதியில் நின்றுபோன ஒரு பாலம் பற்றிய டாக்குமெண்டரி கிடைத்தது. இரண்டு கரையிலும் இருக்கிற அதிகாரிகளிடம் போய் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். பதிலுக்குப் பிறகும் கேமராவை அணைக்காமல் அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார்கள். அதற்குப் பெரியப்பா வாசல் கதவுவரை போய், எதிர் வீட்டு நர்ஸம்மாவை அழைத்து வந்தார். அம்மா இறந்தபின் இரண்டு அக்கா தங்கைகள் வீட்டுச் சாமான்களைப் பிரித்துக்கொள்ளும் ஒரு நாடகம். ஒருத்திகூட அழுவதில்லை, ஒரு அலமாரியைத் திறக்கிறதற்கே நாம்தான் அழுகிறோம். அதற்கு மாடி வராந்தாவின் கோடிவரை போனார். போனவர் அங்கிருந்தே காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். நாலாவது பகுதியில், தங்கை ஜன்னலைப் பார்க்கும் இடத்தில், பின்னணியில் மெதுவாக வயலின் நுழைந்தது.

“வந்துட்டான்யா வயலின்,” என்று முகமெல்லாம் மலர, போன வேகத்தைவிட இரட்டை வேகத்தில் திரும்பி வந்து நாற்காலியில் விழுந்தார். வயலின் போட்டவன் மட்டும் என் கையில் கிடைத்திருந்தால் அவனுக்கும் பிசியோ தேவைப்பட்டிருக்கும்.

கட்டடத்தில் விஷயம் பரவிவிட்டது. பெரியப்பாவைக் கேட்டு எதையும் பார்க்க முடியாமல் தவித்தவர்களுக்கு ஒரு வழி பிறந்தது. துணி சுருக்க வருகிறவர்கள் எல்லாம் பெரியம்மாவிடம், “நேத்து எதுக்கு எழுந்தாரு?” என்று கேட்டுவிட்டுப் போனார்கள். சமையலறை என்றால் சாப்பிட்டுக்கொண்டே பார்க்கலாம். வாசல் கதவு என்றால் போனை அணைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். வராந்தா என்றால் உறவுக்காரர்களைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். எந்தப் பத்திரிகை போடும் நட்சத்திரத்தையும்விட இந்தக் கணக்கு மோசமில்லை. பெரியப்பாவுக்கு மட்டும் இது தெரியாது. அவர் பாட்டுக்குப் பார்க்க ஒன்றுமே இல்லை என்று சொல்லிக்கொண்டு வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார்.

படி மட்டும் மிச்சம். படியில் கால் வைக்கும் அளவுக்கு ஒரு நாடகம் அகப்படவில்லை. மாசக் கடைசியும் வந்துவிட்டது.

கடைசியாக ஒன்று கிடைத்தது. கோர்ட்டில் வேறு மொழிக்காரர்கள் சொல்வதை நீதிபதிக்கு எடுத்துச் சொல்கிற ஒரு பெண்ணின் கதை. ஒரு வழக்கில், ஒரு தாய் சொன்ன ஒரே ஒரு வாக்கியத்தை அவள் சொல்லாமல் விட்டுவிடுகிறாள். வேண்டுமென்றா, மறதியா என்று அவளுக்கே தெரியாது. கூச்சல் இல்லை, துப்பாக்கி இல்லை, ஓடுகிற கார் இல்லை. அவள் வீட்டில் வந்து செருப்பைக் கழற்றுவதைக் காட்டினால்கூட நம் கண் செருப்பைவிட்டு நகராது. பெரியப்பா முதல் பகுதியில் கண்ணாடியைத் துடைத்தார். அடுத்ததில் பேச்சை நிறுத்தினார். கடிகாரங்களைப் பார்த்தார், டம்ளர்களைப் பார்த்தார், ஜன்னல் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்த்தார். கடைசிப் பகுதி முடிந்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

“நீ பாத்தியா?” என்றார் பெரியம்மாவிடம்.

“பாத்தேன். ஒண்ணும் இல்லியே.”

“உனக்கு என்ன தெரியும். ஃபேக்டரி ஆளு வேணும்.”

ஃபேக்டரி ஆள் கீழ் வீட்டில் இருந்தார். பெரியப்பாவின் கண் களைத்தால் அந்த இடத்தில் மாற்றி உட்காருகிறவர். அதனால் அங்கே அவருக்கு ‘மாத்துக்கண்ணு’ என்று பெயர், எங்களுக்கும் மாத்துக்கண்ணு மாமா. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர், அந்தக் கடிகாரத் தொடரைத் தானும் பார்ப்பதாகவும் மருமகள் அழும்போது தனக்கும் அழுகை வந்ததாகவும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பெரியப்பா அவரோடு பேசுவதில்லை. இப்போது வேறு வழியில்லாமல் போன் போட்டார்.

“யோவ், கொஞ்சம் மேல வாய்யா. ஒண்ணு பாக்கணும்.”

“முடியாது. என் சீரியல் வர்ற நேரம். அவன் மீசை வெச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள வந்துட்டான், யாருக்கும் தெரியல. எனக்கு இங்க படபடன்னு வருது.”

“அது ஒட்டு மீசைய்யா.”

“அது எனக்குத் தெரியாதா? அந்த வீட்ல இருக்கறவங்களுக்குத் தெரியலியே, பாவம். வேணும்னா நீ எறங்கி வா.”

பெரியப்பா போனை வைத்தார். கம்பிச் சட்டம் படிக்கு ஆகாது. கைத்தடியைக் கேட்டார். நான் முன்னால் பின்பக்கமாக இறங்கினேன், பெரியம்மா பின்னாலிருந்து அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படிக்கும் ஒரு திட்டு. இந்தப் படி உயரம், அடுத்தது குட்டை, இந்த மூலையில் சிமெண்ட் பெயர்ந்திருக்கிறது, கைப்பிடியை எந்தக் குருடன் வைத்தான் என்று கேட்டுக்கொண்டே வந்தார். அவர் வலிக்கிறது என்று ஒரு இடத்திலும் சொல்லவில்லை.

கீழ் வீட்டில் மாமா தன் சீரியலைத் தியாகம் செய்துவிட்டு இடம் கொடுத்தார். கடைசிப் பகுதியை அவர் டிவியில் போட்டேன். முன்கதையை நான் சுருக்கமாகச் சொன்னேன். இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்தில், முதுகு நிமிர்ந்து, முழங்காலில் கை வைத்து உட்கார்ந்தார்கள். இரண்டு தலையும் இடமிருந்து வலமாக மெதுவாகத் திரும்புவதும், மறுபடி இடப்பக்கம் வருவதுமாக இருந்தன. திரையில் பாட்டில் எதுவும் போகவில்லை என்று யார் சொல்வது?

முடிந்ததும் மாமா துண்டால் கண்ணைத் துடைத்தார். “நல்லாருக்குய்யா.”

“அழுத கண்ணால பாத்தா என்ன தெரியும்? மறுபடி போடு.”

“ஒண்ணும் இல்லய்யா இதுல. சுத்தம்.”

“சோதனை பாட்டில் எங்கயோ இருக்கு. நாம ரெண்டு பேரும் விட்டுட்டோம்.”

அந்த நேரத்தில்தான் வாசலில் கார் நின்றது. அக்கா இறங்கியவள், மேலே ஏறப்போய், திறந்திருந்த கதவுக்குள் அப்பாவைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றாள். கைத்தடி ஒரு மூலையில் கிடந்தது. பெரியப்பா அது இல்லாமலே டிவி முன்னால் நின்று, திரையின் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“யாரு தூக்கிட்டு வந்தது?” என்றாள்.

“யாரும் தூக்கல. நடந்துதான் வந்தாரு,” என்றாள் பெரியம்மா. இவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்தது எல்லாம் அந்தக் குரலில் இருந்தது. “திரும்பியும் ஏறிடுவாரு.”

“ஏறாம? என் டிவி மேலதானே இருக்கு,” என்றார் பெரியப்பா, திரும்பிப் பார்க்காமல்.

பின்னாலேயே வந்த அத்தான் எட்டிப் பார்த்தார். நிலவரத்தைப் புரிந்துகொள்ள அவருக்கு நேரமே ஆகவில்லை. “மாமா, சூப்பர்,” என்றார்.

பெரியப்பாவின் முதுகு லேசாக விறைத்தது.

அக்கா சிரித்தாளா அழுதாளா என்று சொல்ல முடியவில்லை. பெரியம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, “வண்டியில ரெண்டு சட்டை இருக்கும்மா. கை நீளம். சுருக்கித் தரணும். மெஷின் இங்க இருக்கறதுதான் நல்லது,” என்றாள். பெரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கை நீளம் எவ்வளவு என்று கேட்டாள்.

பிறகு, நடந்ததையெல்லாம் மாமா வாயால் கேட்டுக்கொண்டு, அக்கா அப்பா பக்கத்தில் போய் நின்றாள்.

“அப்பா, ஒரு நாடகத்துக்காக மாடியிலேர்ந்து எறங்கி வந்திருக்கீங்க. அவரு ஒரு வார்த்தை சொல்லிட்டாரு. மாமாவும் சொல்லிட்டாரு. நீங்களும் ஒரே ஒரு தடவை, நல்லா இருக்குன்னு வாயைத் திறந்து சொன்னா என்னப்பா? எதைப் பத்தியாவது சொல்லுங்களேன்.”

பெரியப்பா கண்ணாடியைக் கழற்றி, ஊதி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு மகளை ஒரு முறை தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

“நல்ல பாட்டிலை நான் என்னிக்காவது கையில எடுத்து வெச்சு ஆகா ஓகோன்னு சொல்லியிருக்கேனான்னு இந்த மாத்துக்கண்ணைக் கேளு. அது அதுபாட்டுக்குப் போகும், நான் பாத்துக்கிட்டே இருப்பேன், அவ்வளவுதான். கை போறதெல்லாம் ஓட்டைப் பாட்டிலுக்குத்தான். உன்னைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினதில்லைன்னு உங்கம்மாகிட்ட அழுவியாமே, உன் வீட்டுக்காரரைப் பத்தி நான் பேசாத நாளு ஒண்ணு இருக்கா, அதைக் கேட்டுமா உனக்கு விஷயம் புரியல? சரி சரி, கண்ணைத் தொடைச்சுட்டு இப்படி வந்து உக்காரு. நாங்க ரெண்டு பேரு பாத்தும் அகப்படல, நீ கொஞ்சம் பாரு.”